மாமிக்கு, மேல்வீட்டுக் கம்பிகளைப் பற்றி

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாமி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த ஸலாத்தை வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் மையவாடி வேலியோரம் நின்று, உள்ளே அடங்கியிருக்கும் உங்களுக்குச் சொல்லித்தான் வருகிறேன். ஆனால் அது அரபு. அதில் எனக்குக் கூச்சம் இல்லை. தமிழில் உங்களோடு நேராகப் பேசுவது இதுதான் முதல் தடவை. அதனால் பேனை பிடித்த கை கொஞ்சம் தயங்குகிறது.

ஓம் மாமி, பேனைதான். உங்கள் மருமகன் எழுதப் படித்துவிட்டேன். சின்ன வயதிலேயே வாப்பாவோடு கடலுக்குப் போனவன் நான். குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. இப்போது எங்கள் தாராபுரத்துப் பள்ளிக்கூடத்தில் அஸருக்குப் பிறகு வயது போனவர்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறார்கள். போகத் தொடங்கினேன். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். இப்போது மன்னார் டவுனுக்கு பஸ்ஸில் போனால் வழியில் உள்ள பெயர்ப்பலகை ஒன்றையும் நான் விடுவதில்லை. உங்கள் மகள் சபியா என் கையை இடிப்பாள். "கடைக்காரனுக்கே தன்ட கடைப் பேர் தெரியாத மாதிரி ஏன் இப்பிடிச் சத்தமா வாசிக்கிறீங்க? வாய மூடிக்கிட்டு வாங்கோ."

வகுப்பில், உங்களுக்குப் பிரியமான ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள் என்றார் ஆசிரியை. மற்றவர்கள் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு எழுதினார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். எல்லாருக்கும் வாசித்துக் காட்டலாமா என்று ஆசிரியை கேட்டார். ஓம் என்றேன். ஆகவே இடையிடையே அவர்களுக்காகவும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும் மாமி. நம் வீட்டுக் கொங்கிறீற் கூரைப் பிளேட்டில் மேல்வீட்டுக்கென்று நீங்கள் விடச்சொன்ன கம்பிகளைப் பற்றியது. முடிவை முதலில் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் மிச்சத்தைக் கேட்காமல் கோழியிடம் போய்விடுவீர்கள்.

கோழி என்றால் இங்கே இருப்பவர்களுக்கு விளங்காது. நான் கலியாணம் முடித்து உங்கள் வீட்டுக்கு வந்த காலத்தில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. நீங்கள் குசினித் திரைக்குப் பின்னால் நின்று, "மருமகனுக்குச் சோறு போதுமா எண்டு கேளு புள்ள" என்று சபியாவிடம் சொல்வீர்கள். நான் உங்கள் காதில் விழும்படி, "போதும் எண்டு சொல்லு" என்பேன். சபியா நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அவள் வீட்டில் இல்லாத நேரம் உங்களுக்கு ஒரு செம்மண் நிறக் கோழி இருந்தது. "இந்தா கோழி, மீன் ஆணத்தை மூடி வச்சிருக்கு, ஆறப் போகுது." நான் தூணைப் பார்த்து, "கை கழுவிட்டு வாறன்" என்று சொல்லுவேன். அந்தக் கோழி எத்தனை செய்தி சுமந்தது. அது செத்த அன்று எனக்கும் கவலைதான்.

இப்போதுள்ள பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் உங்கள் வீட்டில் நான் ஒரு நாளும் ஆறிய சோறு தின்றதில்லை. எந்த நேரம் கடலால் வந்தாலும் திரைக்குப் பின்னால் அடுப்பு எரியும். பேசாமலே ஒருவரை இப்படிப் பார்த்துக்கொள்ள உங்களுக்கு யார் பழக்கினார்கள்?

பிளேட் போட்ட நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் அத்தனை வருஷம் கிடுகுக் கொட்டிலில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கட்டிய வீடு. எல்லாரும் கூரைக்குத் தகரச் சீற் போடலாம் என்றார்கள். நீங்கள் ஒரே பிடியாக, "கொங்கிறீற்தான்" என்றீர்கள். கொங்கிறீற் கொட்டி முடிந்து வேலையாட்கள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து வானம் கறுத்தது. ஈரமான பிளேட்டில் மழை விழுந்தால் சீமெந்து கரைந்து ஓடிவிடும். நான் மூடுவதற்குப் படங்கை இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஒருவனால் விரிக்க முடியவில்லை, காற்று பிடுங்கியது. அப்போது ஏணியில் நீங்கள் வந்து நின்றீர்கள். முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு நுனியைப் பிடித்தீர்கள். "மருமகன், அந்த மூலையை இழுங்கோ" என்றீர்கள்.

இழுத்தேன். மழை விடும் வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தபடி, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நனைந்தோம். நீங்கள் என்னோடு நேராகப் பேசிய ஒரே வார்த்தை அது.

பிறகு ஓரங்களில் வரம்பு கட்டித் தண்ணீர் தேக்கி பிளேட்டை இறுக வைத்தோம். அந்தத் தண்ணீரில் பாதியும் நீங்கள் சுமந்தது. வேலை முடியும்போது, தூண்களில் இருந்து மேலே நீட்டிக்கொண்டு நின்ற கம்பிகளை வெட்டவா என்று அப்போதைய மேசன் கேட்டார். நீங்கள் திரைக்குப் பின்னால் இருந்து ஊருக்கே கேட்கும்படி சொன்னீர்கள்.

"வெட்ட வேண்டாமெண்டு சொல்லு. கீழ்வீடு மூத்த பேத்திக்கு. மேல்வீடு சின்னவளுக்கு. புத்தளத்தில காணிக்காரன் வந்து எழும்புங்கோ எண்டு சொன்ன நேரம் சட்டிபானையோட றோட்டில நிண்டனான். பொம்புளப் புள்ளைக்கு ஒருத்தரும் எழும்பெண்டு சொல்லாத இடம் ஒண்டு வேணும்."

கம்பிகள் நின்றன. சபியா அவற்றில் கொடி கட்டி உடுப்புக் காயப் போட்டாள். கண்ணில் குத்தாமல் இருக்க நான் நுனிகளில் வெறும் போத்தல்களைக் கவிழ்த்து வைத்தேன். நீங்கள் மௌத்தான பிறகும் ஒருவரும் அவற்றைத் தொடவில்லை.

இந்த வருஷத்து மாரிமழை நல்ல மழை. றோட்டுக் கழுதைகள் எல்லாம் நம் விறாந்தையில்தான் ஒதுங்கின. முன்னறை முகட்டில் முதலில் ஈரம் படர்ந்தது, பிறகு சொட்டத் தொடங்கியது. மூத்தவள் ஜெசீமாவும் அவள் புருஷன் ரிஸ்வானும் படுக்கிற அறை அது. நீங்கள் ரிஸ்வானைக் காணவில்லை. டவுனில் போன் திருத்துகிற பிள்ளை. நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

நான் அவனிடம், "பயப்படாதீங்கோ, இது என்ட வேலை" என்றேன். வாழ்க்கை முழுக்கப் படகுக்கு ஒட்டுப் போட்டவன் அல்லவா? படகில் எங்கே தண்ணீர் வருகிறதோ அங்கேதான் ஓட்டை. அங்கே பைபர் துணி வைத்துப் பசை பூசினால் முடிந்தது. அப்படியே கட்டிலில் ஏறி நின்று முகட்டில், சொட்டும் இடத்தில், படகுக்கு ஒட்டுவது போல ஒட்டினேன். நல்ல வடிவான ஒட்டு. கடற்கரை வாடியில் இருந்த கூட்டாளி ஒருவனைக் கூட்டி வந்து காட்டினேன். அவனும் தட்டிப் பார்த்து, "மீரான், இத இனிக் கடலுக்குக் கொண்டு போகலாம்" என்றான்.

அடுத்த மழைக்குச் சொட்டவில்லை. ஒட்டு மெல்ல மெல்லக் கீழே தொங்கத் தொடங்கியது. பேத்தை மீன் காற்றுப் பிடித்தது போல வீங்கியது.

ரிஸ்வான் போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு கீழே நின்றான். "மாமா, வீட்டுக்கு வயிறு வந்திருக்கு. எத்தினை மாசம்?"

"தொடாதீங்கோ" என்று நான் சொல்வதற்குள் விளக்குமாற்றுக் கட்டையால் குத்திவிட்டான். வயிறு உடைந்தது. துருப்பிடித்த தண்ணீர் முழுவதும் அவன் தலையில். கிடந்த உரப்பை ஒன்றை எடுத்துத் துடைக்கப் போனான்.

சபியாவும் உங்கள் பிள்ளைதானே மாமி. அவள் தன் மருமகனோடு பேசும்போது திரை இல்லை, ஆனால் முகம் சுவரைப் பார்க்கும். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் சுவரை மறந்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்தே, "மருமகன், தலைய உரப்பையாலயா துடைக்கப் போறீங்க, இந்தாங்கோ துவாய்" என்றாள். பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

மழை கொஞ்சம் வெளித்ததும் முருங்கன் பக்கத்தில் இருந்து செல்வம் மேசனைக் கூட்டி வந்தோம். அவர் சொட்டும் இடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேலே ஏறி, குசினிக்கு மேல் நிற்கும் கம்பிகளின் அடியில் ஒரு வாளி தண்ணீரை மெல்ல ஊற்றினார். பிறகு குந்தியிருந்து தேத்தண்ணி கேட்டார். அவர் தேத்தண்ணி குடித்து முடித்து நெடுநேரத்துக்குப் பிறகு முன்னறையில் இருந்து ரிஸ்வான் கூப்பிட்டான்: "சொட்டுது."

"கண்டீங்களோ நானா" என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார் செல்வம். "இது உங்கட படகில வாற மாதிரி நேர வராது. கள்ளன் மாதிரி. ஒரு வீட்டுக் கூரையால ஏறி இன்னொரு வீட்டு முற்றத்தில இறங்கும்."

உப்புக் காற்றில் கம்பிகள் துருவேறி ஊதி, அடியில் கொங்கிறீற்றை வெடிக்க வைத்திருந்தன. அந்த வெடிப்பால் இறங்கும் தண்ணீர் உள்ளே கம்பி வழியே போகிறது. இப்படியே விட்டால் உள்ளே இருக்கும் கம்பியும் துருவேறிப் பிளேட்டே பெயர்ந்து விழும் என்றார். "ஒண்டில் இப்பவே மேல்வீட்டக் கட்டுங்கோ. இல்லாட்டி கம்பிய வெட்டி, அடிய உடைச்சுத் திரும்ப அடைக்க விடுங்கோ. ரெண்டுக்கும் நடுவில ஒண்டுமில்ல."

மேல்வீடு கட்ட இப்போது நமக்கு வழியில்லை மாமி. அது எல்லாருக்கும் தெரியும்.

சின்னவள் நிஹாராவுக்கு வந்த கலியாணக் காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை செய்கிறாள். சிலாவத்துறைப் பக்கத்து மாப்பிள்ளை, படிப்பிக்கிறவர். வீடும் வேண்டாம், சீதனமும் வேண்டாம், பெண்ணுக்கு மஹர் பணம் தான்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இந்தக் காலத்தில் அப்படியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழுதேன்.

ஆகவே செல்வம் வெட்ட வேண்டும் என்றதும் எல்லாருக்கும் லேசாகத்தான் தெரிந்தது. மேல்வீடு கேட்க ஆளில்லை, கம்பி என்னத்துக்கு? ரிஸ்வான் வெட்டும் மெசினுக்கு வயர் இழுக்கவே தொடங்கிவிட்டான்.

சபியா படியில் குறுக்கே நின்றாள்.

"உம்மா வெட்ட வேண்டாமெண்டு சொன்னவ."

"உம்மா, மாப்பிள்ளை வீடு கேக்கல்லையே" என்றாள் ஜெசீமா.

"உம்மா கம்பிய விட்டது மாப்பிள்ளைக்கில்ல, புள்ளைக்கு. அவர் கேக்கல்ல, நல்ல மனுசன், அல்லாஹ் அவருக்கு ஆயுசக் குடுக்கட்டும். நாளைக்கு ஒரு சண்டை சச்சரவு வந்தா இவள் எங்க வந்து நிக்கிறது? கூடப் பொறந்த ராத்தாட வாசல்லயா?"

"உம்மா, கம்பியில நான் குடியிருக்க ஏலுமா?" என்றாள் நிஹாரா. "காகம்தான் குடியிருக்குது."

"காகத்துக்கும் ஒரு இடமிருக்கு பாத்தியா" என்றாள் சபியா.

செல்வம் மெசினைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, நீங்க கதைச்சு முடியுங்கோ, நான் கீழ நிக்கிறன்" என்று இறங்கிப் போனார். மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. வெட்டினால் உங்கள் சொல் போகும். வெட்டாவிட்டால் வீடு போகும். சபியா என்னைப் பார்த்தாள். "பெரியவர் நீங்க. ஏதாவது சொல்லுங்கோவன்."

நான் பழக்கத்தில் தூணைப் பார்த்தேன். உங்களைக் கேட்காமல் நான் என்ன சொல்ல? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சொன்ன சொல்லைப் பிடித்துக்கொள்வீர்களா, சொல்லின் காரணத்தைப் பிடித்துக்கொள்வீர்களா? எனக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

அந்த நேரம் ரிஸ்வான்தான் பேசினான். வயரைச் சுற்றி வைத்துவிட்டு வந்து சபியாவின் முன்னால் நின்றான்.

"மாமி, முன்னறை இனி நிஹாராட. நாங்க உள்ளறைக்கு மாறுறம். அவ வந்தாலும் அவட அறை, வராட்டியும் அவட அறை."

ஜெசீமா அவனைப் பார்த்தாள். வீடு அவள் பெயரில்தானே இருக்கிறது. "ஓம்" என்றாள். "எனக்கும் சம்மதம்."

சபியா சுவரைப் பார்க்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தே கேட்டாள். "சொல்லு மாறமாட்டீங்களே மருமகன்?"

"மாறமாட்டன் மாமி. ஆனா ஒண்டு. மாமா இனி அந்த அறை முகட்டைத் தொடக் கூடாது."

நிஹாரா முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பெண் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே வழியால் வருகிறது.

உங்கள் மகள் அத்தோடு விடவில்லை மாமி. நீங்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பீர்கள். "அறை மட்டும் காணாது" என்றாள். "றோட்டுப் பக்கம் அவளுக்கு வெளிக்கதவு ஒண்டு வேணும். ராத்தாட விறாந்தையால நடந்து, இந்தா வந்திட்டாள் எண்டு எல்லாரும் பாக்க உள்ளுக்கு வரத் தேவையில்ல." கீழே நின்ற செல்வத்தைக் கூப்பிட்டு, யன்னல் இருக்கும் சுவரை உடைத்துக் கதவு போட ஏலுமா என்று கேட்டாள். ஏலும் என்றார்.

பிறகுதான் படியை விட்டு விலகினாள். "பிஸ்மி சொல்லி வெட்டுங்கோ" என்றாள்.

"நீங்க சொல்லுங்கோ அக்கா, நான் வெட்டுறன்" என்றார் செல்வம்.

அவள் சொன்னாள். அவர் வெட்டினார். பொறி பறந்தது. வெட்டித் தள்ளிய கம்பிகளைக் கையில் எடுத்தேன். துரு சிரங்கு போல உதிர்ந்தது. எவ்வளவு காலம் நின்றவை. சபியா கொடிக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

அடிகளை உடைத்து, துருவைச் சுரண்டி, நல்ல கலவை வைத்து இறுக்கினார்கள். தண்ணீர் தேங்காமல் குழாய்ப் பக்கம் சரிவும் வைத்தார்கள். பிறகு தண்ணீர் இறங்காத பூச்சு பூச வேண்டும். வெயில் எறித்த ஒரு பின்னேரம் ரிஸ்வான் பூசத் தூரிகையோடு நின்றான். நான் டின்னை வாங்கினேன். பொடிப்பொடியாகத் தமிழிலும் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்று இருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன், மூலைகளில் இன்னும் ஈரம்.

"மாமா, நீங்க வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அது காஞ்சிடும்" என்றான் அவன்.

ஆனாலும் தூரிகையை வைத்துவிட்டான். காய்ந்த பிறகே பூசினோம். நான் வாசித்து ஒரு வேலை நடந்தது மாமி. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கடைசியில் செல்வம் குழாய் வாயைச் சாக்கால் அடைத்துப் பிளேட் நிறையத் தண்ணீர் விட்டார். நாங்கள் எல்லாரும் முன்னறையில் கதிரை போட்டு இருந்து, நோன்புப் பிறை பார்ப்பது போல முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கழுத்து உளைந்ததுதான் மிச்சம், ஒரு சொட்டும் இல்லை. அதன் பிறகு மழையும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கோபமா மாமி?

நீங்கள் கோபித்தாலும் நான் நன்றிதான் சொல்ல வேண்டும். இந்த நாட்களில் மேலே தனியாக நின்று ஒன்றை யோசித்தேன். பெண் பிள்ளைக்கு எழும்பு என்று ஒருவரும் சொல்லாத இடம் வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். ஆனால் நம் வழக்கத்தில் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பவன் ஆண்தானே. ஒரு பையும் ஒரு வலையும் கொண்டு உங்கள் வீட்டுக்குள் வந்தவன் நான். தோள் முறிந்து ஒரு பருவம் முழுக்கக் கடலுக்குப் போகாமல் விறாந்தையில் படுத்திருந்தேன். ஊரில் வேறு வீடுகளில் மருமகன்மார் என்னென்ன பேச்சுக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டது ஒன்றுதான்: "மருமகனுக்கு எண்ணெய் தேய்ச்சாச்சா?" உங்கள் வீட்டில் எனக்கு ஒருவரும் எழும்பு என்று சொன்னதில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு வார்த்தை உங்களிடம் சொல்ல வாய் வராமலே இருந்துவிட்டேன். அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கட்டும்.

கதவு போட்டாயிற்று. வேப்பம் பலகை, பச்சை நிறம் நிஹாரா தெரிவு செய்தது. சாவி அவள் கைப்பையில். அந்த அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவுக்குக் கொண்டி எந்தப் பக்கம் வைப்பது என்று செல்வம் கேட்டார். நான் தூணைப் பார்க்கவில்லை. "அவட பக்கம்" என்றேன்.

நான் இருக்கும் வரை அந்தக் கொண்டியை ஒருவரும் இந்தப் பக்கம் மாற்ற விடமாட்டேன் மாமி. எனக்குப் பிறகு ரிஸ்வான் பார்த்துக்கொள்வான். அவனிடம் கேட்டுவிட்டேன், அவன் என் முகத்தைப் பார்த்து ஓம் என்றான்.

உங்கள் வீட்டில் இன்றும் இருக்கும்,
உங்கள் மருமகன்
மீரான்